டிரையர் ரூமில் வைத்த கடிகாரம்

ராஜகுமாரி என் வெள்ளைச் சேலையைக் கெடுத்த கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆகஸ்ட் மாதம் மாதா திருவிழாவுக்கென்று பெட்டியில் எடுத்து வைத்திருந்த சேலை. "குடுங்கக்கா, ஓரத்துல நாலு பூ வரைஞ்சு தர்றேன். கோயில்ல எல்லாரும் உங்களையேதான் பாப்பாங்க" என்று வாங்கிக்கொண்டு போனாள். துணியில் வரைகிற பெயிண்ட் அப்போதுதான் மஞ்சூர் கடைக்குப் புதிதாக வந்திருந்தது. எட்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்று டப்பாவில் போட்டிருந்தது. அதைப் போட்டவன் மழைக்காலத்தில் நீலகிரியில் எங்கள் குந்தாப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டான். இங்கே உள்பாவாடை காயவே நாலு நாள் ஆகும். அவள் எட்டு மணி நேரத்தை நம்பிச் சேலையை மடித்து வைத்தாள். பிரித்தபோது ஓரத்துப் பூ முந்தானையில், முதுகில், மடிப்புக்கு மடிப்பு ஊதா ஊதாவாக ஒட்டியிருந்தது. வேறு சேலை இல்லாமல் அதையேதான் கட்டிக்கொண்டு போனேன். அவள் சொன்னது பலித்தது. எல்லோரும் என்னையேதான் பார்த்தார்கள்.

நான் யூனிஸ். அவளுக்குப் பக்கத்து வீடு. ஒரே ஃபேக்டரியில், தூள் சலிக்கிற ரூமில், எதிரெதிரே நின்று பதினாறு வருஷம் வேலை செய்தோம். எஸ்டேட்டின் பெயரை எழுத மாட்டேன், நான் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறேன். எங்கள் அப்பா அம்மாவெல்லாம் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அதனால் வரிசை வீட்டை இன்றைக்கும் லயம் என்றுதான் சொல்கிறோம். லயத்து வீடு எங்களுக்குச் சொந்தமில்லை. வேலை இருக்கிறவரை வீடு இருக்கும், வேலை போனால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். இது இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

ராஜகுமாரியின் மகள் பிரியா கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குப் போனாள். வீடு வெறிச்சென்று ஆனது. அப்போதுதான் ராஜகுமாரிக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது. கிறுக்கு என்று நான் சொல்லலாம், எனக்கு அந்த உரிமை இருக்கிறது. கடைக்குப் புதிதாக எது வந்தாலும் வாங்கிவிடுவாள். காகிதத்தைச் சுருட்டிக் கம்மல் செய்தாள். அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிய, எங்கள் ஃபேக்டரி மூக்கம்மா, பனியில் பசை விட்டுப்போய், ஊட்டியில் இறங்கும்போது தோளில் இரண்டு காகித நாடா தொங்க இறங்கினாள். மினுமினுப்புத் தூளைக் கொட்டிவிட்டு ஒரு மாதம் அந்த வீட்டுச் சோறும் குழம்பும் மின்னியது. ஒவ்வொரு கூத்துக்குப் பிறகும் அவள் இடுப்பில் கை வைத்து நின்று, "அடுத்த வாட்டி சரியா வரும்" என்பாள். ஒரு தடவைகூட முகம் வாடிப் பார்த்ததில்லை.

அவள் புருஷன் தங்கவேலு அண்ணனைப் பற்றி நல்லதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் எனக்கு மனசு வராது. குடிக்க மாட்டார். குரல் உயர்த்த மாட்டார். ஃபேக்டரியில் பத்தொன்பது வருஷமாக டிரையர் அவர் பொறுப்பு. இலையை அரைத்துப் புளிக்கவைத்த பிறகு சூடான காற்றில் காயவைக்கிற மெஷின் அது. சூடு கொஞ்சம் கூடினாலும் தூள் கருகிவிடும். அவர் கைக்கு அது அடங்கும். ராஜகுமாரி தரையில் சிந்திய பெயிண்டையெல்லாம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தவர் அவர்தான். எதைச் செய்தாலும் முதலில் அவரிடம்தான் காட்டுவாள். "சூப்பரா இருக்கு குமாரி" என்பார். கோணலாக இருந்தாலும் சொல்வார். எங்கள் வீட்டு மனுஷர் அப்படி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று நானே ஏங்கியிருக்கிறேன்.

அடுத்து வந்தது ரெசின். ஊட்டி பஜாரில் ராபியா என்ற பெண் கைவேலைச் சாமான் கடை வைத்திருக்கிறாள். அவள்தான் காட்டினாள். இரண்டு பாட்டில். ஒன்றில் இரண்டு பங்கு, மற்றதில் ஒரு பங்கு எடுத்துக் கலந்து, ரப்பர் அச்சில் ஊற்றி, உள்ளே பூவையோ இலையையோ போட்டால் இறுகிக் கண்ணாடி மாதிரி நிற்கும். வாசனை இல்லாதது, இருபத்து நாலு மணி நேரத்தில் இறுகும் என்று அட்டையில் இருந்தது. ராஜகுமாரி நம்பினாள். அவளுக்கு அட்டையில் எழுதியிருந்தால் போதும்.

சாவி வளையம் செய்யலாம், உள்ளே இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் இருக்க வேண்டும் என்பது அவளுடைய யோசனை. பச்சை இலையை அப்படியே போட்டால் கருத்துவிடும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புத்தகத்துக்கு நடுவில் வைத்து வாட்டி எடுத்தாள். எல்லாம் சரி. ஊற்றி நாலு நாள் ஆகியும் ரெசின் பாகு மாதிரி நின்றது. கட்டைவிரல் வைத்தால் ரேகையோடு உள்ளே போனது. வெயில் வருமா என்று வாசலில் வைத்தாள். வெயில் வரவில்லை, என் கோழி வந்தது. ஒரு காலில் சாவி வளையத்தோடு அது லயம் முழுக்கக் கத்திக்கொண்டு ஓட, நாங்கள் இரண்டு பேரும் பின்னால் ஓடினோம். அடுப்போரம் வைத்தாள், சாம்பல் ஒட்டியது. குளிரில் ரெசின் இறுகாது என்று ராபியா அப்புறம்தான் சொன்னாள். "சூடா ஒரு ரூம் வேணும்க்கா. வெதுவெதுன்னு ஒரே மாதிரி இருக்கணும்."

அடுத்த வாட்டிக்கு என்ன வழி என்று யோசித்து உட்கார்ந்திருந்தவளிடம் தங்கவேலு அண்ணன்தான் சொன்னார். நான் அங்கேயே கருவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தேன், என் காதால் கேட்டேன்.

"எங்க டிரையர் ரூம விடவா சூடு வேணும்? குடு, நான் கொண்டு போயி வைக்கிறேன்."

"ஐயோ, தினகரன் சார் பாத்தா?"

"அந்தத் திட்டுல எல்லாரோட ஜெர்கினும் காயுது, பாத்துட்டுத்தான போறாரு? நான் பாத்துக்கறேன் குமாரி. நீ பயப்படாத."

தினகரன் சார் ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்கிற டீ மேக்கர். அண்ணன் சொன்ன திட்டு, டிரையருக்குச் சூடு கொடுக்கிற விறகு உலைக்குப் பின்னால் சுவரோரம் இருப்பது. மழையில் நனைந்து வந்தால் எல்லோரும் அங்கேதான் எதையாவது காயப்போடுவோம். செய்யக் கூடாதுதான். தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் சாமான். அதனால் எங்கள் ஃபேக்டரிக்குள் பூ வைத்துக்கொண்டு போகக் கூடாது, பவுடர் கூடாது. ஜலதோஷத்துக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு போனால் கேட்டிலேயே முகர்ந்து பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் இரண்டு முறை திரும்பியிருக்கிறேன். ஆனால் ரெசினில் வாசனை இல்லையே. மூன்று பேரும் மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தோம். ஒன்றும் இல்லை.

சாப்பாட்டுப் பையில் வைத்து அவர் கொண்டுபோனார். மறுநாள் திரும்பி வந்ததைப் பார்த்து ராஜகுமாரி அழுதுவிட்டாள். தெளிவாக, கெட்டியாக, உள்ளே கொழுந்து நரம்பு நரம்பாகத் தெரிந்தது. இத்தனை வருஷம் கெட்டுப்போனதையெல்லாம் சிரித்தே தாண்டியவள், ஒன்று சரியாக வந்ததும் அழுதாள். அண்ணன் அவள் தலையில் கை வைத்து, "நாந்தான் சொன்னேன்ல" என்றார். அதிலிருந்து ஐந்து மாதமும் அவரேதான் கொண்டுபோய் வைத்து, அவரேதான் எடுத்து வந்தார். அவள் ஒரு நாள்கூட அந்தத் திட்டின் பக்கம் போனதில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன்.

மே மாத சீசனில் ராபியா கடையில் அவளுடைய சாவி வளையங்கள் தொங்கின. ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். பிறகு ராபியா, கடை வாசலில் மாட்ட ஒரு பெரிய சுவர்க் கடிகாரம் கேட்டாள். தட்டு அளவு அச்சு. நடுவில் கொழுந்து, மணிக்கு மணி ஊட்டி வாடாப்பூ. ராஜகுமாரி ஒரு வாரம் பூவை அடுக்கி அடுக்கிக் கலைத்தாள்.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடி வந்து கலந்து ஊற்றினாள். அச்சு பெரிது என்று மொத்தத்தையும் ஒரே தடவையில் ஊற்றிவிட்டாள். அது அவள் தப்பு. அவ்வளவு கனமாக ஊற்றினால் ரெசின் தானாகவே சூடேறும் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. "நெருப்புப் பக்கம் வேணாங்க, தள்ளியே வைங்க" என்று அண்ணனிடம் சொல்லித்தான் கொடுத்தாள். சங்கு ஊதிவிட்டது. அன்றைக்கு மழை. திட்டு முழுக்க ஈர ஜெர்கின். அண்ணன் இடம் பார்க்கச் சோம்பல்பட்டு, உலையின் இரும்பு மூடி மேலேயே, காற்றை இழுக்கிற ஃபேனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். இது அவர் தப்பு.

அரை மணியில் புகை. வெள்ளைப் புகை, மூக்கைப் பொசுக்குகிற நாற்றம். ஃபேன் அதை இழுத்து டிரையருக்குள் அனுப்பியது. அண்ணன் பார்த்ததும் அச்சைத் தூக்கி விறகுக்குப் பின்னால் மறைத்தார். யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு டீ மேக்கர் தினகரன் சார் அன்றைய தூளில் டீ போட்டு வரிசையாக வாயில் ஊற்றிப் பார்ப்பார். ஃபேக்டரியில் அவர் வாய்தான் கடைசித் தீர்ப்பு. மூன்றாவது கோப்பையில் துப்பினார். நாலாவதிலும் துப்பினார்.

"ஏனுங்க இது? பெயிண்ட் டப்பாவக் கவுத்து விட்டாப்ல இருக்குது!"

அந்த நாள் தூள் அத்தனையையும் ஒதுக்கிவைக்கச் சொன்னார். விடிந்ததும் டிரையர் ரூமை அலசினார்கள். விறகுக்குப் பின்னால் கடிகாரம் கிடைத்தது. மஞ்சளாக, வெடித்து, நடுவில் இலை கருகி இருந்தது. யாருடையது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. பத்து மணிக்கு ஆஃபீஸில் விசாரணை என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

அன்று காலையில் அவர்கள் இருவரும் ஒன்றாகத்தான் ஏறிப் போனார்கள். நான் பின்னால் நடந்தேன். குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தார். இவர்களுக்கு ஒன்றும் வராது, இரண்டு பேரும் சேர்ந்து காலில் விழுந்தால் துரை மன்னித்துவிடுவார் என்று நான் நினைத்துக்கொண்டேன். மேனேஜரை நாங்கள் துரை என்றுதான் சொல்வோம், ஆள் எத்தனை மாறினாலும்.

ஆஃபீஸில் துரை, தினகரன் சார், சலிக்கிற ரூம் பெண்கள் ஆறு பேர், டிரையர் ஆட்கள். மேஜை மேல் அந்தக் கருகிய வட்டம்.

"இது யாருது?" என்றார் தினகரன் சார்.

"என்னுதுங்க சார்" என்றாள் ராஜகுமாரி.

"டிரையர் ரூமுக்குள்ள வச்சது யாருங்க?"

ராஜகுமாரி அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். பயந்து பார்க்கவில்லை. அடுத்து அவர் பேசுவார், பிறகு நாம் பேசலாம் என்று முறை விட்டுக்கொடுத்த மாதிரிதான் எனக்குப் பட்டது. தங்கவேலு அண்ணன் தரையைப் பார்த்தபடி பேசினார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார். நான் இல்லாத நேரம் பாத்து வச்சிருப்பா. வீட்டுலயும் இதே தொந்தரவுதான். பெயிண்டு, பசைன்னு ஒரே நாத்தம். எத்தன வாட்டி சொன்னாலும் கேக்க மாட்டா. அவளுக்குப் புத்தி அப்படி."

"எண்ணே!" என்று வாயைத் திறந்தேவிட்டேன். பக்கத்தில் நின்ற ராஜகுமாரி என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். நகம் பதிந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். அதற்கு இன்றுவரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

"நாந்தாங்க சார் வச்சேன்" என்றாள் அவள்.

அன்றோடு அவள் வேலை போயிற்று. வீடு போகவில்லை. வீடு அண்ணன் பெயரில் இருந்தது, அண்ணன் வேலை இருந்தது. லயத்தில் ஆளாளுக்கு வந்து நியாயம் பேசினார்கள். ரெண்டு பேரும் மாட்டியிருந்தால் ரெண்டு பேரும் ரோட்டில், தங்கவேலு சமயோசிதமாகப் பேசிக் குடும்பத்தைக் காப்பாற்றினான் என்றார்கள். யூனியன்காரர் சொன்னார். எங்கள் வீட்டு மனுஷரும் சொன்னார், அன்றைக்கு அவருக்கு நான் சோறு போடவில்லை. வீட்டைக் காப்பாற்ற "தெரியாது" என்ற ஒரு வார்த்தை போதாதா? புத்தி சரியில்லாதவள் என்றுவேறு சொல்ல வேண்டுமா? அவள் செய்ததையெல்லாம் சூப்பர் சூப்பர் என்று சொன்ன வாய்தானே அது? அப்படியானால் இத்தனை வருஷமும் உள்ளுக்குள் அவர் நாற்றம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாரா? நான் இப்படிக் கேட்டுக் கேட்டுத் தொண்டை வற்றினேன். ராஜகுமாரி ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டையும் போடவில்லை. அவருக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள். வேலை போன வருத்தம் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து அவளே பஸ் ஏறி ராபியாவிடம் போனாள். கடை மாடியில் ஒரு சின்ன ரூம், ஒரு ஹீட்டர். வாரத்தில் நாலு நாள் அங்கே போய் ஊற்றுகிறாள். கடிகாரத்தை இப்போது மெல்லிய அடுக்காக, ஒவ்வொன்றும் இறுகிய பிறகு அடுத்தது என்று மூன்று நாளில் செய்கிறாள். நன்றாகவே வருகிறது. எனக்குக் கொண்டுவந்து காட்டுவாள். வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டாள். அண்ணன் ஒருமுறை, "இன்னைக்கு என்ன செஞ்ச குமாரி, காட்டேன்" என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லைங்க" என்றாள். அவர் முகம் செத்துப்போயிற்று. எனக்குப் பாவமாக இல்லை, திருப்தியாகத்தான் இருந்தது.

செப்டம்பரில் மூக்கம்மாவுக்கும் அண்ணனுக்கும் விறகு விஷயமாக வாய்த்தகராறு. மூக்கம்மா ஆத்திரத்தில், "நீதான அந்த அச்சத் தூக்கிட்டு வந்த, என் ரெண்டு கண்ணால பாத்தேன்!" என்று ஃபேக்டரி நடுவில் கத்திவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் தினகரன் சார் லயத்துக்கே வந்துவிட்டார். ராஜகுமாரியும் நானும் வாசலில் பூ பிரித்துக்கொண்டிருந்தோம். அண்ணன் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டோடு எழுந்து கதவோரம் நின்றார்.

"உக்காருங்கம்மா, எந்திரிக்க வேண்டாம்" என்றார் சார். "ஒரே ஒரு கேள்விதான். அத உள்ள வச்சது நீங்களா, இவரா? பயப்படாமச் சொல்லுங்க. இவருதான்னா, உங்கள மறுபடி வேலைக்கு எடுத்துக்கலாம்னு துரை சொல்லிட்டாரு. உங்க பேருக்கே ஊடும் எழுதித் தரச் சொல்லியிருக்குது."

சொல்லுடி, சொல்லு என்று மனசுக்குள் கத்தினேன். வேலை, வீடு, மரியாதை எல்லாம் வாசலில் வந்து நிற்கின்றன. அண்ணன் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். ராஜகுமாரி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"நாந்தாங்க சார் வச்சேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது. மூக்கம்மா வேற எதையோ பாத்திருக்கும்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேங்க சார்."

சாருக்கு விளங்கியிருக்கும், அந்த மூக்குக்குத் தெரியாதது எதுவும் இல்லை. தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். எனக்கு வந்த கோபத்தில் பூத்தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அண்ணன் வெளியே வந்து அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர்.

"குமாரி, நீ மட்டும் இல்லேன்னா நான் இன்னைக்கு... அன்னைக்கு வீடு போயிடுமேன்னுதான் அப்படிச் சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காத."

அவள் சிந்திய பூவைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். மூன்று மாதத்தில் அவள் அதைப் பற்றிப் பேசியது அப்போதுதான்.

"அன்னைக்கு வீட்டுலேருந்து ஆஃபீஸ் வரைக்கும் ஒண்ணாத்தானங்க நடந்து போனோம். வழியில என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. நான் சொல்லிக்கிறேன் நீங்க சும்மா இருங்கன்னு நானே சொல்லியிருப்பேன். அதச் சொல்லத்தான் உங்களத் திரும்பிப் பாத்தேன்."

அவள் பையை எடுத்துக்கொண்டு ஊட்டி பஸ்ஸுக்கு இறங்கினாள். புதன்கிழமைக்குள் ராபியாவுக்கு இரண்டு கடிகாரம் முடிக்க வேண்டுமாம். வளைவில் அவள் மறைகிறவரை அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் திரும்பி, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"யூனிஸு, கேட்டிருந்தா நெசமாவே சொல்லியிருப்பாளா?"

"கேக்காமயே இப்ப சார்கிட்ட சொல்லலையாண்ணே?" என்றேன்.